பின்பக்கத்தில் பேனையால் பெயர் எழுதிய சாரிஸார்ட்: கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

ஸ்காபரோ_சுதன் எழுதியது:

வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் அம்மா வீடு மாறினார். பேஸ்மென்டில் 'சுதன் கொப்பி' என்று எழுதி ஒட்டிய ஒரு அப்பிள் பெட்டி கிடைத்தது. கணக்குக் கொப்பிகளுக்கு அடியில் என் பழைய போக்கிமொன் பைண்டர். 1999ல் எனக்கு 9 வயது. எக்ளிண்டனில் ஒரு மூலைக்கடை இருந்தது. அப்பா வெள்ளிக்கிழமை சம்பளக் காசோலை மாற்றிக்கொண்டு வரும்போது ஒரு பக்கெட் வாங்கி வருவார். வாரம் ஒன்று, அவ்வளவுதான். அப்படிச் சேர்த்தது 143 கார்டு. அதில் மினுங்குகிற ஹோலோ 14.

வெளிவந்த தொகுதி வாரியாகச் சொன்னால், பேஸ் செட்டில் சாரிஸார்ட், பிளாஸ்டாய்ஸ், சான்சி, மசாம்ப், நிடோகிங் இரண்டு. ஜங்கிளில் ஸ்னோர்லாக்ஸும் சைதரும். ஃபாசிலில் கெங்கரும் லாப்ராஸும். மீதி நாலும் பெரிய பெயர் இல்லை.

இவற்றைக் கிரேடிங்குக்கு, அதாவது கார்டைப் பார்த்து 10 வரை தர எண் போட்டுப் பெட்டியில் அடைத்துத் தரும் கம்பெனிக்கு, அனுப்ப யோசிக்கிறேன். இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். வகுப்பில் இரண்டு கார்டு களவு போனதும் நான் அழுதிருக்கிறேன் போல. அம்மா ஓர் இரவு இருந்து, நீலப் பேனையால் ஒவ்வொரு கார்டின் பின்பக்கத்திலும், நடுவில் இருக்கும் பந்தின் வெள்ளைப் பாதியில், 'சுதன் 4ஆம் வகுப்பு' என்று தமிழில் எழுதிவிட்டார். ஒன்பதாவது கார்டோடு அவருக்கு அலுத்துவிட்டது, மீதி எல்லாம் தப்பின. ஆனால் நல்லதில் இருந்து தொடங்கியிருக்கிறார். முதல் கார்டே சாரிஸார்ட்!

என் கேள்விகள்:

பேனை மையை அழிக்க முடியுமா? ஸ்பிரிட் தடவினால் போகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

மசாம்பில் 'முதல் பதிப்பு' முத்திரை இருக்கிறது. 2022ல் ஒரு முதல் பதிப்பு சாரிஸார்ட் 4,20,000 டொலருக்குப் போனது என்று மச்சான் செய்தி காட்டினான். மசாம்ப் அந்த அளவு இல்லாவிட்டாலும், ஒரு பழைய கார் வாங்கும் அளவுக்காவது வருமா?

பக்கத்தில் ஒரு கார்டுக் கடைக்காரர் 14ஐயும் தானே அனுப்பித் தருவதாகச் சொல்கிறார். ஒன்றுக்கு 45 டொலர், மொத்தம் 630. கொடுக்கலாமா, நானே அனுப்பலாமா?

கார்த்திக்_நியூஜெர்சி எழுதியது:

சுதன், முதலில் கசப்பான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். மசாம்ப் முத்திரையைப் பார்த்து ஏமாறாத ஆள் யாருமே இல்லை, நானும் ஏமாந்தேன். பேஸ் செட் மசாம்ப் பக்கெட்டில் வரவில்லை. இரண்டு பேர் விளையாடும் தொடக்கப் பெட்டியோடு வந்தது. அந்தப் பெட்டியில் வந்த மசாம்ப் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த முத்திரை உண்டு. ஊரில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். மச்சானிடம் காருக்கு வேறு வழி பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 4,20,000 டாலர் கார்டு முதல் பதிப்பு முத்திரை உள்ளது, படச் சட்டத்தின் வலப்பக்கம் நிழல் இல்லாதது, அதற்கு மேலே பிஎஸ்ஏ என்ற கிரேடிங் கம்பெனியிடம் 10 வாங்கியது. மூன்றும் ஒரே கார்டில் சேர வேண்டும். உங்களுடையதை நீங்களே பார்த்துவிடலாம். படத்தைச் சுற்றிய சட்டத்தின் வலது ஓரத்தில் சாம்பல் நிழல் விழுகிறதா? அடியில் பொடி எழுத்தில் 1995, 96, 98 என்று மட்டும் இருந்து, பக்கத்தில் 99 இல்லாமல், பிறகு தனியாக 1999 விசர்ட்ஸ் என்று இருக்கிறதா? அப்படியானால் அது லட்சக்கணக்கில் அச்சான சாதாரணப் பதிப்பு. 98க்குப் பக்கத்தில் இன்னொரு 99 இருந்து நிழலும் இல்லாவிட்டால் உடனே இங்கே வந்து கத்துங்கள்.

செலவுக் கணக்கு போடும்போது கிரேடிங் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். போக வர தபால், இன்சூரன்ஸ் இரண்டும் சேரும். அப்புறம் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. படிவத்தில் கார்டின் மதிப்பு இவ்வளவு என்று நீங்கள்தான் எழுத வேண்டும், அதை வைத்துத்தான் கட்டண வகுப்பு. குறைத்து எழுதி மலிவு வகுப்பில் அனுப்பினால், நல்ல தரம் கிடைத்து மதிப்பு வரம்பைத் தாண்டும்போது மேல் வகுப்புக்கு மாற்றி மீதியை வசூலித்துவிடுவார்கள். தொலைந்தால் இன்சூரன்ஸும் நீங்கள் எழுதிய தொகைக்குத்தான். பேராசை ரெண்டு பக்கமும் கடிக்கும்.

அச்சுக்காரர் எழுதியது:

தம்பி சுதன், ஸ்பிரிட் போத்தலைக் கீழே வையுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைப்போம்.

நான் யாழ்ப்பாணத்தில் எழுத்துக் கோர்க்கப் பழகி, இங்கே வந்து நோர்த் யோர்க்கில் ஓப்செற் மெஷினில் 26 வருடம் நின்றவன். ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தக் கார்டுப் பைத்தியம். அதனால் எனக்குக் கார்டு என்றால் முதலில் அச்சடித்த தாள், பிறகுதான் பொம்மை. அந்தக் கண்ணால் சொல்கிறேன்.

போல்பொயின்ட் மை மேற்பூச்சில் நிற்காது, அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து அதற்குள் இறங்கும். ஸ்பிரிட் மையைக் கரைக்கும், அதோடு மேலே உள்ள பளபளப்பையும் எடுத்துவிடும். பிறகு கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் அந்த வட்டம் மட்டும் மங்கித் தெரியும், உங்கள் அம்மாவின் எழுத்துப் பள்ளமும் அப்படியே இருக்கும். கிரேடர் செய்கிற வேலையே அப்படிச் சாய்த்துப் பார்ப்பதுதான். மை இருந்தால் அது ஒரு குறை, எண் கிடைக்கும். பிஎஸ்ஏயில் எண்ணோடு 'எம்கே' என்று ஓர் ஒட்டு போடுவார்கள், எழுத்து இருக்கிறது என்று அர்த்தம். ஒட்டு வேண்டாம் என்று படிவத்தில் கேட்டால் எண்ணைக் குறைத்துப் போடுவார்கள். ஆனால் அழிக்கப் போனதாகத் தெரிந்தால் 'மாற்றப்பட்டது' என்று எண்ணே இல்லாமல் திரும்பி வரும். கட்டணமும் போகும்.

கார்டை வெட்டினாலும் இதே கதிதான். இந்தத் தொழிலின் பிள்ளையார் சுழியே ஒரு வெட்டுக் கார்டு, தெரியுமோ? பிஎஸ்ஏ 1991ல் தொடங்கியபோது முதல் எண் கொடுத்த கார்டு, சிகரெட் பெட்டியில் வந்த, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்போல் வீரரின் கார்டு. டி206 தொகுதி, 1909க்கும் 1911க்கும் இடையில் அச்சானது. 8 கொடுத்தார்கள். ஹொக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டொலருக்கு வாங்கிய அதே கார்டு. 2013ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அதன் ஓரத்தை வெட்டிச் சீராக்கியது தான்தான் என்று நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எனக்கு அதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஒரு கட்டிங் மெஷின்காரனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம்.

சரி, உங்கள் 14க்கு வருவோம். ஒன்றையும் அனுப்ப முதல் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு, கறுப்புத் துணி விரித்த மேசையில் இருங்கள்.

அறை விளக்கை அணைத்து, கைப்பேசி டோர்ச்சைப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகப் பிடியுங்கள். மேலே இருந்து அடிக்கிற வெளிச்சத்தில் எல்லாக் கார்டும் வடிவுதான். பக்க வெளிச்சத்தில்தான் ஹோலோவில் உள்ள கீறல் எல்லாம் எழும்பி நிற்கும். படத்தின் குறுக்கே நேர் கோடு ஒன்று ஓடினால் அது உங்கள் கை வேலை இல்லை, அச்சிடும்போதே விழுந்தது. அந்தக் காலத்து ஹோலோக்களில் அது நிறைய. உங்கள் பிழை இல்லை என்பதற்காக எண் குறையாமல் விடாது.

பைண்டர் மூன்று வளையம் உள்ளதா? அப்படியானால் வளையத்துக்கு அருகே உள்ள முதல் வரிசைக் கார்டுகளை விரலால் இல்லை, வெளிச்சத்தால் தடவிப் பாருங்கள். வளையம் அழுத்திய அரைவட்டப் பள்ளம் இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் ஆகச் சிறந்த கார்டை முதல் பக்கத்தில்தான் வைப்பார்கள், வளையமும் அதைத்தான் முதலில் பிடிக்கும். பழைய மென் பிவிசிப் பக்கம் என்றால் ஒட்டும், ஒரு நெடி வரும். இன்றைக்கே வெளியே எடுங்கள். பொலிபுரொப்பிலீன் உறை வாங்குங்கள், சில சதக் காசுதான்.

பின்பக்கம் நீலம். நீலத்தின் மூலையில் ஒரு மயிரிழை வெள்ளை தெரிந்தாலும் 10 மறந்துவிடலாம். ஓரத்தை லூப், அதுதான் பூதக்கண்ணாடி, வைத்துப் பாருங்கள். நல்ல கார்டின் குறுக்குவெட்டில் இரண்டு கடுதாசிக்கு நடுவில் இருண்ட ஒரு படை ஓடும். படத்தில் நாலு நிறப் புள்ளிகள் பூப்போலக் கூடி நிற்கும், கறுப்பு எழுத்து புள்ளியில்லாமல் இறுக்கமாக இருக்கும். எழுத்தும் புள்ளி புள்ளியாக இருந்தால் கள்ளக் கார்டு. அப்பா கடையில் வாங்கியது என்பதால் உங்களுக்கு அந்தப் பயம் இல்லை, ஆனாலும் பாருங்கள், பார்க்க வடிவாயிருக்கும்.

கடைசியாக அடிமட்டம். மஞ்சள் ஓரம் இடமும் வலமும், மேலும் கீழும் எத்தனை மில்லிமீற்றர் என்று அளந்து இங்கே போடுங்கள். பெரிய தாளில் பல கார்டை ஒன்றாக அடித்து வெட்டும்போது தாள் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரம் ஒரு பக்கம் தடித்துவிடும். எதிரெதிர் ஓரங்களின் விகிதம் பிஎஸ்ஏ 10க்கு முன்பக்கம் 55க்கு 45க்குள் இருக்க வேண்டும். பின்பக்கம் 75க்கு 25 வரை விடுவார்கள்.

ஓரத்தைப் பற்றி ஒரு சின்னக் கதை, சுதனுக்குத் தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. எங்கள் ஒன்ராறியோ லண்டனில் ஓ-பீ-சீ என்று ஒரு கம்பெனி ஹொக்கி கார்டு அடித்தது. 1979-80 கிரெட்ஸ்கி முதல் கார்டு அவர்களுடையதுதான். வெட்டு அப்படிப் பிசிறாக இருக்கும், நானாக இருந்தால் ஃபோர்மன் திட்டித் திருப்பி அனுப்பியிருப்பார். இன்றைக்கு அந்தப் பிசிறு இல்லாமல் வழவழவென்று ஓரம் இருந்தால்தான் சந்தேகப்படுவார்கள், யாரோ பிறகு வெட்டியிருக்கிறான் என்று.

கிள்ளான்_லதா எழுதியது:

சுதன், கடைக்காரர் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதை அச்சுக்கார ஐயா சொல்லிவிட்டார்.

நான் என் மகனின் ஜப்பான் பதிப்புக் கார்டுகளில் ஆறை ஓர் இடைத்தரகர் மூலம் அனுப்பினேன். நல்ல மனிதர்தான், ஆனால் நாற்பது பேருடைய கார்டை ஒரே பெட்டியில் போட்டு அனுப்புகிறவர். நான் ரசீது கேட்கவில்லை, படமும் எடுக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து ஆறும் வந்தன. ஒன்றில் மூலை மடங்கி 5 விழுந்திருந்தது. கொடுக்கும்போது மடங்கியிருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும், என் மகனுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. யாரோடு சண்டை போடுவது? 'அங்கே போனபோதே அப்படித்தான்' என்றார். அவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், அதுதான் இன்னும் எரிச்சல்.

அதனால் யாரிடம் கொடுத்தாலும் முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை எல்லாம் படம் எடுத்து, அவர் முன்னாலேயே எண்ணி, பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள். மூன்று நாலு கார்டுதான் என்றால் நீங்களே அனுப்புவது ஒன்றும் மலை ஏறுகிற வேலை இல்லை.

கார்டை மெல்லிய உறையில் போட்டு, அதை அரைவிறைப்பான கார்டு சேவரில் இறக்குங்கள். கெட்டியான டாப்லோடரில் போடாதீர்கள், அங்கே வெளியே எடுக்கும்போது மூலை உரசும். உறையின் வாயில் ஒரு துண்டு பெயிண்டர் டேப் ஒட்டி வெளியே நீட்டிவிட்டால் அதைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். படிவத்தில் எந்த வரிசையோ அதே வரிசையில் அடுக்கி, இரண்டு பக்கமும் அட்டை வைத்து, ரப்பர் வளையத்தை இறுக்காமல் போட்டு, குலுக்கினால் சத்தம் வராத மாதிரி பெட்டியை நிரப்புங்கள். எல்லை தாண்டிப் போவதால் சுங்கத் தாளில் 'என் சொந்தப் பொருள், தரம் பார்த்துத் திரும்பி வரும்' என்று தெளிவாக எழுதி, அதன் பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது புதிதாக வாங்கியது போல வரி கேட்டால் காட்ட உதவும்.

ஸ்காபரோ_சுதன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஸ்பிரிட்டை மூடி வைத்துவிட்டேன், ஐயா.

நேற்று இரவு டோர்ச்சோடு இருந்தேன். மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். முடிவு இது:

சாரிஸார்ட்டில் நிழல் இருக்கிறது, 99 ஒன்றுதான். முதல் பக்கம், முதல் பை, நீங்கள் சொன்ன அரைவட்டம் அப்படியே இருக்கிறது. மேலே அம்மாவின் எழுத்து. பிளாஸ்டாய்ஸில் எழுத்து இல்லை, ஆனால் இடம் 3.5, வலம் 2.5. சான்சி, மசாம்ப், நிடோகிங் எல்லாவற்றிலும் எழுத்து.

கெங்கரும் லாப்ராஸும் கடைசியாக வாங்கியவை, அம்மாவின் பேனையும் வளையமும் அவற்றைத் தொடவில்லை. இரண்டிலும் முதல் பதிப்பு முத்திரை, பக்கெட்டில் இருந்து வந்ததுதான். கெங்கர் இடம் வலம் சமம், மேல் 3.2, கீழ் 2.8. லாப்ராஸ் இடம் 3.1, வலம் 2.9. சைதரும் பரவாயில்லை, ஒரு மூலையில் மட்டும் வெள்ளை. ஸ்னோர்லாக்ஸ் எங்கேயோ சோடா குடித்திருக்கிறது.

எந்தக் கம்பெனி என்பதையும் சொல்லிவிடுங்கள்.

அச்சுக்காரர் எழுதியது:

வடிவாகப் பார்த்திருக்கிறீர்கள். பிளாஸ்டாய்ஸ் 58க்கு 42, 10 இல்லை. ஹோலோவிலும் கீறல் இருக்கும், விட்டுவிடுங்கள். கெங்கர் 53க்கு 47, லாப்ராஸ் 52க்கு 48. இவை இரண்டையும் அனுப்புங்கள். சைதர் உங்கள் விருப்பம், நானாக இருந்தால் அனுப்ப மாட்டேன். மிச்சம் பதினொன்றுக்கும் நல்ல உறை போதும்.

கம்பெனி விஷயத்தில் இங்கே சனத்துக்கு ஒவ்வொரு கட்சி. விற்கிற எண்ணம் இருந்தால், பழைய போக்கிமொனுக்கு பிஎஸ்ஏ பெட்டியைத்தான் வாங்குகிறவர்கள் அதிகம் தேடுகிறார்கள். பெக்கெட் என்ற கம்பெனி, படம் நடுவில் நிற்பது, மூலை, ஓரம், மேற்பரப்பு என்று நாலுக்கும் தனித்தனி எண் போடும். எனக்கு அது பிடிக்கும், ஏன் குறைந்தது என்று தெரியும். சிஜிசி புளோரிடாக்காரர், கொமிக் புத்தகத்தில் தொடங்கி 2020ல் கார்டுக்கு வந்தவர்கள், அவர்களும் ஒழுங்கானவர்கள்தான். நீங்கள் பிஎஸ்ஏக்கே அனுப்புங்கள். கைரேகை இருந்தால் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறை மெல்ல ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம். ஊதவும் வேண்டாம், எச்சில் துளி விழும். சிரிக்காதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

என் கணிப்பு: கெங்கர் 8, லாப்ராஸ் 9. எழுதி வையுங்கள்.

ஸ்காபரோ_சுதன் எழுதியது (நாலு மாதம் கழித்து):

வந்துவிட்டது. ஐயா சொல்லியும் கேட்காமல் சைதரையும் சேர்த்து மூன்று அனுப்பினேன்.

கெங்கர் 9. லாப்ராஸ் 8. சைதர் 6.

ஐயாவின் கணிப்பு தலைகீழாகிவிட்டது. லாப்ராஸைத் திரும்பவும் டோர்ச்சில் பார்த்தேன். கழுத்துக்குக் குறுக்கே ஒரு அச்சுக் கோடு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தும் தெரிகிறது. அன்றைக்கு எப்படித் தப்பவிட்டேனோ! சைதரில் மூலையை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் மெல்லிய மடிப்பு ஒன்று இருந்திருக்கிறது. நான் மூலையையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

விற்கவில்லை. கெங்கரை மட்டும் பிறகு யோசிக்கலாம் என்று இருக்கிறேன், மகளுக்கு அதன் சிரிப்புப் பிடித்துவிட்டது.

சாரிஸார்ட்டை ஒரு டாப்லோடரில் போட்டுப் புத்தக அலுமாரியில் வைத்திருக்கிறேன், பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி. போன ஞாயிறு அம்மா வந்தபோது, அந்த எழுத்து இல்லாவிட்டால் அதற்கு இன்னும் விலை போயிருக்கும் என்று சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் கையெழுத்தை வாசித்துப் பார்த்தார். "எழுதியிருக்காவிட்டால் அது அந்த வருஷமே களவு போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டார்.

அச்சுக்காரர் எழுதியது:

அம்மா சொல்வது சரி தம்பி. லாப்ராஸின் படத்தை ஒருக்கால் போடுங்கள், அந்தக் கோட்டை நான் பார்க்க வேண்டும்.